நண்டு கட்லெட் இருந்த போர்டு

எங்கள் கடையில் பழைய மெனு போர்டைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் போர்டு வைத்தது புரட்டாசியில். புரட்டாசியில் பாதி ஜனம் கறி மீன் தொடாது. நெடுஞ்சாலையில் போகிற கார்கள் கடைப்பக்கம் திரும்பாமலே போகும். வேலை நடக்க அதுதான் தோதான மாதம் என்று சென்னை ஆபீஸில் இருக்கிற முதலாளி முடிவு செய்திருந்தார். நாள் கிழமை குறித்து வைப்பது என் பழக்கம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதுவேன்: காற்று எந்தப் பக்கம், நூலகத்தில் எடுத்த புத்தகம், வீட்டில் என்ன குழம்பு. இதை எழுத எனக்கு மாதங்கள் மட்டும் போதும்.

கடை பொன்னேரியைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. காரை விட்டு இறங்கவே வேண்டாம். வளைந்து போகும் பாதையில் முதலில் போர்டு, அதன் பக்கத்தில் மைக், அப்புறம் பணம் கட்டும் ஜன்னல், கடைசியில் பார்சல் ஜன்னல். நான் உள்ளே ஸ்டோர் பார்க்கிறேன். கோழி, பன், எண்ணெய் எல்லாம் லாரியில் வரும். ஒரே ஒரு சரக்கு மட்டும் எங்கள் ஊர் உப்பு ஏரிக்கரையிலிருந்து, என் ஸ்கூட்டரில், கால் வைக்கிற இடத்தில் ஐஸ் பெட்டிக்குள் வரும். அது நண்டுச் சதை.

அண்ணன் ஏரியில் நண்டு வலை போடுவார். அண்ணி அந்த நண்டை அவித்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு வாசலில் உட்கார்ந்து, ஓட்டை உடைத்துச் சதை எடுப்பாள். அண்ணியும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் எங்களுக்குள் மரியாதை கொஞ்சம் குறைவுதான். கடை வருவதற்கு முன்னால் நண்டு முழுக்க ஏஜென்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் ஒவ்வொன்றாகத் தூக்கி அடிவயிற்றில் கட்டைவிரலால் அழுத்துவான். அமுங்கினால் சதை இல்லாத தண்ணி நண்டு என்று ஒதுக்கிப் பாதி விலை போடுவான். கடையில் வருஷம் முழுக்க ஒரே விலை. காரணம் அந்தப் பழைய போர்டு. உள்ளே டியூப் லைட் எரிகிற பெட்டி, மேலே அச்சடித்த பிளாஸ்டிக் ஷீட், அதில் கடைசி வரிசையில் நண்டு கட்லெட். ஷீட்டை மாற்றி அடிப்பது பெரிய செலவு. போர்டில் இருக்கிறது, அதனால் தினமும் நண்டு வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

நண்டு இல்லாத நாளும் உண்டு. புயல் எச்சரிக்கை, அம்மன் திருவிழா. ஊரில் சாவு என்றால் பிணம் எடுக்கிற வரை யாரும் வலையைத் தொட மாட்டார்கள். அந்த நாட்களில் நான் ஸ்டூல் போட்டு ஏறி நண்டு கட்லெட்டின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டுவேன். மறுநாள் உரிப்பேன். ஒட்டி உரித்து ஒட்டி உரித்து அந்த இடத்தில் மட்டும் கோந்துக் கறை படிந்திருந்தது. காரில் வருகிறவர்கள் வேண்டுமென்றே கேட்பார்கள், "அந்தப் பேப்பருக்கு அடியில இன்னா கீதோ அதுல ரெண்டு."

புது போர்டு மூன்று ஸ்கிரீன், படங்கள் ஒன்று போய் ஒன்று வரும். பர்கரிலிருந்து சீஸ் வழியும், குளிர்பானத்தில் ஐஸ் விழும், நண்டு கட்லெட்டிலிருந்து ஆவி எழும்பும். மாட்ட வந்தவர் மேனேஜர் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து விளக்கினார். சரக்கு இல்லையென்றால் ஒரு தொடுதல், படம் மறைந்துவிடும். வந்ததும் இன்னொரு தொடுதல். ஒரு வாரம் தொடர்ந்து மறைந்தே இருந்தால் அந்தப் பொருள் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும், மறுபடி சேர்க்கச் சென்னை ஆபீஸால்தான் முடியும். இதையும் சொன்னார். நாங்கள் எல்லாரும் சீஸ் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாரமே அண்ணன் வலை வேலை முடிந்த கையோடு, ஈர லுங்கியுடன், பைக்கில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அண்ணிக்கு அவர் சொன்ன செய்தி இது: "நம்ம நண்டு ஆவி உடுதுடி. செத்த நண்டுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ லைட்டுன்னு தெரியல."

"உன் மூஞ்சிக்குப் போட்டாத்தான் வேஸ்ட்டு," என்றாள் அண்ணி.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணன் கரைக்கு வந்தவர் படகின் விளிம்பில் உட்கார்ந்து நெஞ்சு கரிக்கிறது என்றார். சோடா வாங்கப் போன ஆள் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் கடையில் இருந்தேன். போன் வந்ததும் ஸ்டோர் சாவியை மேனேஜரிடம் கொடுத்தேன். நாளைக்கு நண்டு வராது சார், தாள் ஒட்டணும் என்று சொன்னேனாம். அவர் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "தாள்லாம் இல்லம்மா இப்ப. நான் ஆஃப் பண்ணிக்கறேன், நீ கெளம்பு," என்றிருக்கிறார். ஊருக்குப் போகிற வழி முழுக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திருப்பாலைவனத்தில் நாற்று வயல் பச்சையாக இருந்தது. மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

மறுநாள் எடுக்கிற வரை படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. சாயங்காலமே மற்றவர்கள் தொழிலுக்குப் போய்விட்டார்கள். அண்ணி பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரை வாசல் தாண்டக்கூடாது. அந்த வாசலில் உட்கார்ந்து நண்டு உடைக்க மற்ற இரண்டு பெண்களும் வர மாட்டார்கள். காரியத்துக்கு அண்ணியின் அண்ணன் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்தார். எங்கள் நைனாவிடம் அவளை அழைத்துப் போகட்டுமா என்று கேட்டார். நைனா தலையை ஆட்டினார், அது ஆமாவா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை. அண்ணிதான் பதில் சொன்னாள்.

"தை வரைக்கும் பாக்கறேண்ணா. கடைக்காரங்க எடுத்துக்கினா நான் நண்டு வாங்கி ஒடச்சிட்டு இங்கியே இருந்துடுவேன். இல்லன்னா வர்றேன்."

அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள், "அங்க போனா அவன் பொண்டாட்டி சோத்துக்கு ஒல வைக்கறப்ப நான் ஓரமா நிக்கணும். எம்மாம் நாளு நிப்பேன்?"

அண்ணனோடு படகில் போய்க்கொண்டிருந்தவரிடம் நண்டு வாங்கி, காரியம் முடிந்த இரண்டாம் நாளே அண்ணி சதை எடுத்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு நானும் வேலைக்குத் திரும்பினேன். போர்டைப் பார்த்தேன். நண்டு கட்லெட் வர வேண்டிய இடத்தில் உருளைக்கிழங்கு ஃப்ரை வந்தது. எல்லாம் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்து, இடைவெளியே இல்லாமல் இருந்தது. மேனேஜர் டேப்லெட்டைக் காட்டினார். அதிலும் இல்லை.

"இங்கேர்ந்து ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மேல எழுதிப் போட்டிருக்கேன்."

அன்றைய பெட்டி சாயங்காலம் என்னோடு வீட்டுக்கு வந்தது. வீட்டில் நண்டுக் குழம்பு. மறுநாளும் நண்டுக் குழம்பு. மூன்றாம் நாள் அண்ணி முழு நண்டாக ஏஜென்டிடம் கொடுத்தாள். அவன் கட்டைவிரலால் அழுத்தினான். வாங்கின விலையே திரும்பி வரவில்லை.

கார்த்திகை வந்தது. மாலை போட்டவர்கள் அதிகம், சைவம்தான் ஓடுகிறது, அது முடியட்டும் என்று ஆபீஸிலிருந்து பதில். முடிந்ததும், கட்லெட்டுக்குப் புதுப் படம் எடுக்க வேண்டும், பழையதின் அளவு சரியில்லை என்றார்கள். மார்கழியில் பூநாரை பார்க்கச் சென்னையிலிருந்து கார் கார்களாக வந்தார்கள், கழுத்தில் பெரிய பெரிய கேமரா. எங்கள் பாதையில் வரிசை நெடுஞ்சாலை வரை நின்றது. நண்டு நன்றாக ஓடியிருக்கும். படம் எடுக்கிறவர் பொங்கல் கழித்து வருவார் என்றார் மேனேஜர். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அண்ணன் சாவுக்கு வந்து கடைசி வரை நின்றவர். யாரும் நண்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை.

வேலை முடிந்து வந்ததும் அண்ணி கேட்பாள், "போட்டாங்களா?" இல்லை என்பேன். சரி என்று உள்ளே போய்விடுவாள். எனக்கு வருத்தம் என்று ஒன்று வந்திருக்க வேண்டும். காலண்டர் தாள்களைத் திருப்பிப் பார்த்தால் அந்த நாட்களில் காற்றின் திசை மட்டும் இருக்கிறது.

பொங்கல் கழிந்த புதன்கிழமை எனக்கு விடுமுறை. அண்ணி விடிவதற்கு முன்பே நண்டு அவித்திருந்தாள். பெட்டியில் சதையும் ஐஸும் தயாராக இருந்தன.

"நானே வந்து பாக்கறேன்," என்றாள்.

"நான்தான் தெனம் பாக்கறனே அண்ணி."

"நீ சரியாப் பாக்கலியோ இன்னாவோ. சுத்தி சுத்தி வருதுன்னு உங்க அண்ணன் சொன்னாரு. ஒண்ணு போயி ஒண்ணு வரும்னாரு. நீ பாக்கறப்ப போயிருக்கும்."

நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அவள் பெட்டியை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். கடைக்குப் பின்வழியாகப் போகாமல் கார் பாதையில் போகச் சொன்னாள். போர்டுக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினேன். வண்டி நிற்பதைத் தரைக்கு அடியில் இருக்கிற கம்பி கண்டுபிடிக்கும், உடனே ஸ்கிரீன் வெளிச்சமாகும். வெளிச்சமாயிற்று. சீஸ் வழிந்தது. ஐஸ் விழுந்தது. கோழிக்கால் வந்து போனது. அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மறுபடி சீஸ் வழிந்தது.

"இது முன்னியே வந்துச்சே," என்றாள்.

"ஒரு சுத்து முடிஞ்சிடுச்சி அண்ணி."

"இன்னொரு சுத்து பாக்கலாம்."

பின்னால் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. மைக்கில் குரல் வந்தது. எங்கள் கடையில் மைக்கில் ஆர்டர் எடுக்கிற பெண் எனக்குத் தோழி. அண்ணியைப் பின்வாசலில் பல தடவை பார்த்துப் பேசியிருக்கிறாள், சாவுக்கும் வந்திருந்தாள். ஆனால் அவள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து போர்டுப் பக்கம் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும்.

"வணக்கம், உங்க ஆர்டர் சொல்லுங்க."

நான் பேச வாயெடுத்தேன். அண்ணி என் தோளைப் பிடித்து முன்னால் குனிந்தாள்.

"நண்டு கட்லெட்டு கீதா?"

"அது மெனுல இல்லைங்க மேடம். வேற என்ன வேணும்?"

"வேற ஒண்ணும் வேணாம்," என்றாள் அண்ணி.

பணம் கட்டும் ஜன்னலையும் பார்சல் ஜன்னலையும் நிற்காமல் தாண்டி வெளியே வந்தோம். பொன்னேரி வந்தது.

"என்னிய மேடம்னுச்சி, கேட்டியா?" என்றாள் திடீரென்று.

"கேட்டேன்."

திருப்பாலைவனத்தில் பஸ் ஒன்று திரும்புவதற்காக நின்றோம். அண்ணி பின்னாலிருந்து சொன்னாள், "வூட்டுக்குப் போயி எங்க அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் குடு. ஞாயித்துக்கெழம வரச்சொல்றேன்."

"இந்த ஞாயிறேவா?"

"தை வரைக்கும்னு சொல்லிட்டேன். தை பொறந்துடுச்சே."

பஸ் திரும்பி முடித்தது. நான் வண்டியைக் கிளப்பவில்லை. பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் கசிந்து அவள் புடவையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இந்தச் சதைய இன்னா பண்றது?" என்றேன்.

"கட்லெட்டு போடு. எப்படிப் போடறதுன்னு உனக்குத் தெரியும் இல்ல? இத்தினி வருஷமா ஒடச்சிக் குடுக்கறேன், நான் ஒண்ணு கூடத் தின்னதில்ல."

வழியில் ஒரு மளிகைக் கடையில் நிறுத்தி ரொட்டித்தூளும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டோம்.