இரவல் தலை

வெல்மார் முதன்முதலாகக் குத்துச்சண்டை ரிங்கில் ஏறியபோது அவனுக்குப் பதினொரு வயது. ஜெனரல் சாந்தோஸ் மீன் துறைமுகத்துக்குப் பின்தெருவில் திருவிழா. கூடைப்பந்துத் திடலில் நான்கு கம்பு நட்டு, படகுக் கயிற்றைச் சுற்றி ரிங் கட்டியிருந்தார்கள். எடை பார்க்கத் தராசு கிடையாது. பையன்களை முதுகோடு முதுகாக நிறுத்துவார்கள். தோள் சமமாக இருந்தால் ஜோடி. வெல்மாரின் தோளுக்கு அன்று யாரும் அமையவில்லை. அவன் அழத் தொடங்கியதும் அண்ணன் டோமெங் முன்னால் வந்து, முழங்காலை மடித்துக் குள்ளமாகி, தம்பியின் முதுகோடு முதுகை ஒட்டிக்கொண்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மைக் பிடித்தவர், "சரியா இருக்கு, ஏத்துங்க!" என்றார். பரிசு பத்துக் கிலோ அரிசி. யார் ஜெயித்தாலும் அரிசி ஒரே வீட்டுக்குத்தான் போகப்போகிறது. அண்ணன் அடிக்காமல் விட்டுக்கொடுப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே அவனுக்கு வரவில்லை. இரண்டாவது சுற்றில் அவனுடைய மூக்கு உடைந்தது.

டோமெங்கும் சில காலம் ஆடினான். அமெச்சூராகப் பதினொரு சண்டை. பதினெட்டு வயதில் நிறுத்திவிட்டுத் துறைமுகத்தில் சூரை மீன் தூக்கப் போனான். வீட்டில் ஒருவனாவது கூலி கொண்டுவர வேண்டியிருந்தது. இருவரில் யாருக்குக் கை இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் தினமும் விடியற்காலையில், மீன் ஏலம் தொடங்குவதற்கு முன்னால், ஐஸ் ஆலைக்கு மேல்மாடியில் இருந்த கோச் பிடோயின் கூடத்தில் தம்பியோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, செய்வான். கூடத்தில் இருந்தது ஒரே ஒரு தலைக்கவசம். போட்டிக்குப் போகிறவன் புருவம் கிழியக் கூடாது. ஆகவே அது எப்போதும் வெல்மார் தலையில்தான் இருந்தது. டோமெங் வெறுந்தலையோடு நின்றான். பதினொரு வருடம் அப்படி நின்றான்.

வெல்மார் மண்டலப் போட்டியில் தங்கம் வாங்கினான், தேசியப் போட்டியில் வெண்கலம். மணிலா முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இரண்டு வருடம், தன் எடையில் தனக்கு மேலே இருந்தவனின் பயிற்சிக்காக அடி வாங்குவதுதான் வேலை. நாட்டின் பெயர் எழுதிய சட்டை கிடைத்தது, அதைப் போட்டுக்கொண்டு ஆட ஒரு போட்டி கிடைக்கவில்லை. இருபது வயதில் பையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி ஊர் வந்தான். அடுத்த மாதமே தொழில்முறைக்கு மாறினான்.

முதல் தொழில்முறைச் சண்டை நான்கு சுற்று. சட்டை இல்லை, தலைக்கவசம் இல்லை, மெல்லிய கையுறை. முதல் சுற்று முடிந்து மூலைக்கு வந்து உட்கார்ந்தவன், தண்ணீர் ஊற்றிய டோமெங்கிடம் சொன்னான்: "மனோங், காத்து நேரா மூஞ்சில அடிக்குது. நல்லா இருக்கு."

"காத்த அப்புறம் வாங்கு. இடது கைய மேல வை, தோங்," என்றான் டோமெங். அவர்கள் பேச்சில் மனோங் என்றால் அண்ணன், தோங் என்றால் தம்பி.

மூன்றாவது சுற்றில் எதிராளி எழுந்திருக்கவில்லை.

எட்டு வருடத்தில் இருபது வெற்றி, மூன்று தோல்வி. மூன்றில் ஒன்று ஜப்பானில். ஒன்பது நாள் அவகாசத்தில் கூப்பிட்டு, ஏழு கிலோ இறக்கச் சொன்னார்கள். எச்சில் துப்பித் துப்பி எடையை இறக்கி, மறுநாள் பத்துச் சுற்றும் நின்றே தோற்றான். இருபதாவது வெற்றி சொந்த ஊரில். ஆறாவது சுற்றில் ஒருமுறை விழுந்து, எழுந்து, எட்டாவதில் முடித்தான். அந்த வெற்றிதான் தேசியப் பட்டத்துக்கான சண்டையைக் கொண்டுவந்தது. அவனுக்கு இருபத்தெட்டு வயது. இது தவறினால் அடுத்தது வராது என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சொந்த ஊரில் ஜெயித்த அந்தச் சண்டைக்குப் பிறகு இரண்டு வாரம் அவனுக்குத் தலைவலி. லைசென்ஸ் புதுப்பிக்கக் குத்துச்சண்டை ஆணையத்தில் தலை ஸ்கேன் கேட்டிருந்தார்கள்.

"தலைய யாராவது குடுங்கடா," என்றார் கோச் பிடோய்.

கூடத்தில் அது புதிய பேச்சு அல்ல. சிறுநீர் கொடுப்பார்கள், ரத்தம் கொடுப்பார்கள், தேவைப்பட்டால் தலையும் கொடுப்பார்கள். மருத்துவமனையில் அடையாள அட்டையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

"போன வருஷம் குட்டி இசியோவுக்காக நம்ம சமையல்காரன் போனானே," என்றான் ஒருவன். "மூளை ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்க."

"நல்ல மூளைன்னா இங்க எதுக்குடா சோறாக்குறான்?"

சிரிப்பு அடங்கியதும் டோமெங் சொன்னான்: "நான் போறேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. நான் ஆடுனதே பதினொரு சண்டைதான். என் தலை சுத்தம்."

ஸ்பாரிங்கை யாரும் சண்டையாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதுதான் அவர்கள் செய்த பிழை.

தாவாவோ நகரத்துக்குப் பேருந்தில் போய், வெல்மார் என்ற பெயரில் படுத்து, ஸ்கேன் எடுத்துக்கொண்டு டோமெங் திரும்பினான். நான்காம் நாள் முடிவு வந்தது. மூளையின் உறைக்கு அடியில் ரத்தம் கசிந்து உறைந்த பழைய தடம். வெல்மார் இனி எங்கேயும், எந்த எடையிலும் ரிங்கில் ஏறக் கூடாது. மாத்திரைச் சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சீட்டு தம்பி பெயரில். மாத்திரையை விழுங்கியது அண்ணன். மாதாமாதம் வாங்கிக்கொண்டு வந்தவன் வெல்மார்.

ஒரு மாதம் கழித்து வெல்மார் யாரிடமும் சொல்லாமல் வேறு ஊருக்குப் போய்த் தன் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தான். துறைமுகச் சுவரில் உட்கார்ந்து இருவரும் சோறும் கருவாடும் தின்றுகொண்டிருந்தபோது அந்தத் தாளை அண்ணனின் மடியில் வைத்தான்.

"என்னுது சுத்தமா இருக்கு, மனோங்."

டோமெங் தாளைப் பார்த்தான். படிக்காமலே மடித்தான். "அப்ப... போய்ச் சொல்லிரலாம்ல?"

"சொன்னா எனக்கு ஒரு வருஷத் தடை. அது போகட்டும். கோச்சோட கூடத்த மூடிருவாங்க. மூலையில நிக்கிற உன்னோட கார்னர் லைசென்ஸ் போயிரும். இந்தத் தலைய வச்சுக்கிட்டு நீ மீன் தூக்க முடியாது. அத விட்டா உனக்கு என்ன இருக்கு?"

"பட்டம் இருக்கேடா உனக்கு."

வெல்மார் முள்ளை எடுத்துக் கடலில் எறிந்தான். "அந்த ரத்தம் யாரு குத்துனதுன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்."

டோமெங் அப்போது எழுந்து நேராகக் கோச் வீட்டுக்குப் போயிருக்கலாம். 'நான் சொல்றேன், தடை வந்தா வரட்டும்' என்ற வார்த்தை வாய்வரை வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் தன் இரண்டு பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். "நாளைக்குப் பேசலாம், தோங்," என்றான்.

மறுநாள் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பட்டச் சண்டை வேறொருவனுக்குப் போனது. டோமெங் வேறு பையன்களுக்குத் தண்ணீர் ஊற்றினான், புருவ வெட்டுக்கு மருந்து வைத்தான். கூடத்துக்கு வரும் வெல்மார் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவான். தினமும் வந்தவன் வாரம் ஒருமுறை வந்தான். பிறகு வரவில்லை.

அவன் சூரைப் படகில் ஏறிவிட்டான். தாய்ப்படகு இருபது சின்னப் படகுகளைச் சுமந்துகொண்டு பல நாள் தூரம் போகும். காலையில் ஆளுக்கொரு சின்னப் படகில் இறக்கிவிடுவார்கள். ஒரு ஆள், ஒரு தூண்டில் கயிறு, சுற்றிலும் தண்ணீர். பொழுது சாய்வதற்குள் தாய்ப்படகு வந்து ஒவ்வொருவரையும் பொறுக்கிக்கொள்ளும். கையில் வலு இருந்ததால் வெல்மார் பெரிய மீன்களாக இழுத்தான். கரைக்கு வரும்போதெல்லாம் அண்ணன் வீட்டில் மாத்திரையையும் ஒரு துண்டு மீனையும் வைத்துவிட்டு, வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்பான்.

"வேற என்ன, மனோங்?" என்பான்.

"ஒண்ணுமில்ல. நீ எப்படி இருக்க?"

"இருக்கேன்."

பதினான்காம் மாதம், காற்று திடீரென்று திரும்பிய ஒரு பிற்பகலில், தாய்ப்படகு பத்தொன்பது பேரைப் பொறுக்கியது. மூன்று நாள் தேடினார்கள். படகும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை.

உடல் இல்லாமலே ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. பெட்டி வைக்க வேண்டிய இடத்தில் வெண்கலப் பதக்கம் போட்டிருந்த அவன் படத்தை வைத்திருந்தார்கள். கடைசி நாள் பிற்பகல் தெரு முழுவதும் வந்திருந்தது. கோச் பிடோய் அந்த வாரமெல்லாம் குடித்துக்கொண்டே இருந்தார். ஜெபம் முடிந்து பிஸ்கட்டும் காப்பியும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கூடத்துக்குள் நடந்தது எதுவும் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

"டாக்டருங்க அவன் தலையக் காப்பாத்துனாங்க. கடல் விடல. விதி."

கோச் குனிந்து தன் காப்பியைப் பார்த்தார். டோமெங் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"அது அவன் தலை இல்ல," என்றான். "என் தலை. ஸ்கேனுக்கு நான்தான் போனேன். அவன் தலையில ஒண்ணுமே இல்ல. அவன் ஆடியிருக்கலாம்."

"டேய், உக்காருடா," என்றார் கோச் மெதுவாக.

வெல்மாரின் மனைவி ருபிலின் கையில் காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். தட்டை மேசையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும், மனோங். அன்னைக்கே வந்து அவரு சொன்னாரு."

"நீ ஏம்மா வெளிய சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னாரு. அத மனோங்தான் சொல்லணும், நாளைக்குப் பேசலாம்னு சொல்லியிருக்காருன்னாரு." அவள் குரல் உயரவில்லை. "அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவ கரைக்கு வரும்போதும் முதல்ல உங்க வீட்டுக்குத்தான் வந்தாரு. திரும்பி வந்ததும் நான் கேப்பேன், மனோங் சொன்னாரான்னு. இன்னும் இல்லம்பாரு. கடைசித் தடவையும் அதான் சொல்லிட்டுப் போனாரு."

டோமெங் உட்கார்ந்தான். ருபிலின் தட்டை எடுத்துக்கொண்டு அவன் இருந்த வரிசைக்கு வந்தாள். அவனுக்கு முன்னால் ஒரு கோப்பையை வைத்தாள், மற்றவர்களுக்கு வைத்தது போலவே.