மதலைமுத்து தேர்தலுக்கு நின்ற வருஷம்

மதலைமுத்துவுக்குக் கோபம் வரும் என்பதே பிரேசர் டவுனில் பலருக்குத் தெரியாது. வந்தால் கையிலிருக்கும் மிக்ஸ்சர் மருந்து பாட்டிலை வழக்கத்தைவிட இரண்டு குலுக்கு கூடக் குலுக்குவார், அத்தோடு சரி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற நோயாளி, "கம்பவுண்டர் எம்மாம் அக்கறையா குலுக்கறாரு பாரு" என்று மெச்சிக்கொண்டு போவார்.

பிறந்தது ஜீவனஹள்ளியில். அப்பா ஒரு துரை வீட்டில் குதிரைக்காரர். மகனாவது குதிரை வாலைப் பார்க்காமல் பிழைக்கட்டும் என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் போட்டார். மகன் படித்து, ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் பழகி, மதராசுக்குப் போய்க் கம்பவுண்டர் பரீட்சை எழுதித் தேறி வந்தார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு டாக்டர் கஸ்தூரிரங்கன் மசூதி ரோட்டில் டிஸ்பென்சரி திறந்தார். அன்றைக்கே வேலைக்குச் சேர்ந்த மதலைமுத்து, 1938-லும் அதே மருந்து ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். தலைமுடி நரைத்தது ஒன்றுதான் வித்தியாசம்.

கஸ்தூரிரங்கன் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்திருந்தால் மதலைமுத்து என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு வேறு இடம் பார்த்திருப்பார். டாக்டர் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்தது கிடையாது. கிறிஸ்துமஸுக்குப் புது வேட்டி, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மருந்து இலவசம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை மட்டும் இல்லை. வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் மருந்துக்கு வருவது ஞாயிற்றுக்கிழமைதான். காலி பாட்டிலும் கையுமாகக் கூட்டம் வாசல் தாண்டி நிற்கும். டாக்டர் எழுதி எழுதித் தள்ள, மதலைமுத்து கலக்கிக் கலக்கி நீட்ட, மத்தியானம் ஆகிவிடும்.

அதனால் அவருக்கு வாய்த்தது விடியற்காலை முதல் பூசைதான். கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்தபடி பூசை கண்டுவிட்டு நேரே டிஸ்பென்சரிக்கு ஓட வேண்டும். அவர் மனைவி பிரிஜெட் மகள்களை அழைத்துக்கொண்டு எட்டு மணிப் பாட்டுப் பூசைக்குப் போவாள். "பிரிஜெட்டுக்குப் புருஷன் இருக்கிறாரா இல்லையா?" என்று கோயிலில் புதிதாக வந்த ஒரு பெண்பிள்ளை கேட்டேவிட்டாள். மூத்தவள் நோரா புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கிய அன்று, வெள்ளை உடுப்பும் பூமுடியுமாகப் பீடத்துக்கு நடந்து போன பிள்ளையை ஊரே பார்த்தது. பெற்ற தகப்பன் மட்டும் வயிற்றுவலிக்காரர் ஒருவருக்கு மருந்து அளந்துகொண்டிருந்தார். அதைப் பிரிஜெட் மறந்ததும் இல்லை, மறக்க விட்டதும் இல்லை.

இப்போது நோராவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பாட்டுப் பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சபை முழுக்கக் கேட்க அறிவிப்பார். 'மதலைமுத்து மகள் நோரா' என்று தன் பெயரும் மகள் பெயரும் சேர்ந்து அந்தக் கோயிலில் ஒலிப்பதை ஒரு தடவையாவது தன் காதால் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு ஞாயிறு வேண்டும்.

"கேட்டுப் பாருங்களேன் டாக்டரை" என்றாள் பிரிஜெட்.

"தனியா எனக்குன்னு எப்படிக் கேக்கறது? சங்கத்து வழியாத்தான் வாங்கணும்" என்றார் மதலைமுத்து. அது பாதி நிஜம். டாக்டர் முகத்துக்கு நேரே நின்று எதையும் கேட்க அவருக்கு வாய் வராது என்பது மீதிப் பாதி.

வெள்ளைக்காரப் பட்டாளத்தைச் சுற்றி எழுந்த கண்டோன்மென்ட் பகுதிக் கம்பவுண்டர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதற்குத் தலைவராக எப்போதும் ஒரு டாக்டரைத்தான் உட்கார வைப்பார்கள். பட்டம் போட்ட பெயர் மேலே இருந்தால்தான் சங்கத்துக்கு மதிப்பு என்று நினைப்பு. ஆட்டுக்குத் தலைவராக ஓநாயைப் போட்டார்கள் என்று சொன்னால் பாவம், அந்த டாக்டர்கள் யாரையும் கடித்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் 'ஞாயிறு விடுமுறை' என்று ஒரு தீர்மானம் வரும். தலைவர் புன்னகையோடு வாங்கிப் பார்த்து, "யோசிப்போம்" என்பார். அடுத்த வருஷமும் அதே தீர்மானம், அதே புன்னகை.

அந்த வருஷம் பழைய தலைவர் சேலத்துக்குக் குடிபோய்விட, இடம் காலியானது. மதலைமுத்து முதல் தடவையாகத் துணிந்து, "நான் நிக்கிறேன்" என்றார். சங்கத்துச் செயலாளர் மைக்கேல்ராஜ் துள்ளிக் குதித்தார்.

"இத்தினி வருஷம் எங்க அண்ணே இருந்தீங்க? நம்ம சங்கத்துக்கு நம்ம ஆளு! மொதோ வேலையா ஞாயித்துக்கிழமைய வாங்கிடுவோம்."

இருவரும் சாயங்காலங்களில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு டிஸ்பென்சரியாகப் போனார்கள். எல்லாக் கம்பவுண்டரும் "உங்களுக்கில்லாத ஓட்டா?" என்றார்கள். கூடவே தவறாமல் இன்னொன்றும் கேட்டார்கள்: "உங்க டாக்டரு இன்னா சொன்னாரு?" ஜோகுபாளையத்து ஜெயராஜ் என்ற கம்பவுண்டரிடம் மதலைமுத்து எரிச்சலோடு, "டாக்டரு சொல்றதுக்கு இதுல இன்னா இருக்கு?" என்றார்.

"அதுக்கில்லேண்ணே, சும்மா கேட்டேன்" என்று ஜெயராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கையைத் தூக்கச் சொன்னால் அவரவர் டாக்டர் காதுக்குப் போகும் என்று பயப்படுவார்கள் என மைக்கேல்ராஜுக்குத் தெரியும். மருந்து பாட்டிலில் ஒட்டுகிற காகிதத்தையே துண்டு துண்டாக நறுக்கி ஓட்டுச் சீட்டாக்கினார். பஞ்சு வந்த தகர டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டுப் பெட்டியாக்கினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கெடுத்தது மதலைமுத்துவின் வாய்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அன்று டிஸ்பென்சரியைக் கொஞ்சம் முன்னதாக மூடினால்தான் போக முடியும். அதைச் சொல்ல மதலைமுத்து டாக்டர் அறைக்குள் போனார்.

"எலெக்ஷனா? நீ நிக்கறியா?" என்று கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றினார். "பேஷ், பேஷ்! என்கிட்ட சொல்லவே இல்லையே நீ?"

அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு சின்ன வருத்தம் தொனித்தது. அது போதும் மதலைமுத்துவுக்கு. "அதுக்குத்தாங்க சார் வந்தேன். நீங்களே வந்து கூட்டத்துக்குத் தலைமை தாங்கணும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இதுதான். வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்றே அவருக்கு உறைத்தது. மைக்கேல்ராஜ் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும், "பரவால்ல, ஒரு பெரிய மனுஷரு நடுவுல இருந்தா கௌரவம்தானே" என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

காக்ஸ் டவுன் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். அங்கே கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு. மதலைமுத்துவே ஜட்கா பிடித்து டாக்டரை அழைத்து வந்தார், நாற்காலியைத் தன் துண்டால் துடைத்தார், டாக்டரை அதில் உட்கார வைத்தார். பழக்க தோஷம், வேறென்ன சொல்வது?

வரவேற்பு முடிந்தது, கணக்கு வாசித்து முடிந்தது. மைக்கேல்ராஜ் தகர டப்பாவை மேஜைமேல் எடுத்து வைத்து, "இப்போ ஓட்டு. ஜெயிச்சவரு இந்த நாற்காலியில வந்து உக்காருவாரு" என்றார்.

எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். அதில் கஸ்தூரிரங்கன் கால்மேல் கால் போட்டு, நல்ல மனுஷராகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜெயராஜ் மெதுவாக எழுந்தார். "ஒரு பேச்சு. சாரு உக்காந்திருக்காரு. அவரை எழுப்பிட்டு நம்ம ஆளு உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"அதானே!" என்றது ஒரு பெஞ்சு.

"சாரே தலைவரா இருந்துட்டா இன்னா? யாரோ வெளி டாக்டரு இல்ல. நம்ம மதலை அண்ணனோட டாக்டரு. அண்ணனுக்குத்தானே பெருமை!" என்று ஜெயராஜ் முடித்தார்.

ஹால் முழுக்கக் கைதட்டல். ஓட்டுப் போடாமலே தப்பித்த நிம்மதியில் மனுஷர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். மதலைமுத்துவுக்குக் காது அடைத்துக்கொண்டது. பாவிகளா, டிஸ்பென்சரி டிஸ்பென்சரியாக வந்து கேட்டேனே, தலையைத் தலையை ஆட்டினீர்களே! இவர்கள் தன்னை ஏமாற்றியிருந்தாலாவது திட்டலாம். தனக்கு நல்லது செய்வதாக நினைத்தல்லவா செய்கிறார்கள்!

"சேச்சே, இது உங்க சங்கம். மதலைமுத்துன்னா நிக்கறான்?" என்று டாக்டர் கையை ஆட்டி மறுத்தார். உண்மையாகத்தான் மறுத்தார். பிறகு திரும்பி, எல்லார் முன்னாலும், அன்பாகவே கேட்டார்: "என்ன மதலைமுத்து, உனக்கு ஆட்சேபனை ஒண்ணும் இல்லையே?"

மைக்கேல்ராஜ் மதலைமுத்துவின் முகத்தையே பார்த்தார். ஒரு வார்த்தை. 'இருக்குங்க சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் டாக்டர் எழுந்து வழி விட்டிருப்பார். மதலைமுத்து எழுந்து நின்றார்.

"இல்லைங்க சார்" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும். மதலைமுத்துவுக்காக வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையை மதலைமுத்துவே எடுத்து டாக்டர் கழுத்தில் போட்டார். வெளியே வந்ததும் ஜெயராஜ் தோளில் தட்டி, "குஷிதானே அண்ணே?" என்று கேட்டார். மனதாரத்தான் கேட்டார்.

ஞாயிறு விடுமுறைத் தீர்மானத்தைப் புதுத் தலைவர் புன்னகையோடு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "யோசிப்போம்" என்றார்.

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மதலைமுத்து மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஓலை அன்றும் அப்படியே. ஆனால் அன்று பூசை முடிந்ததும் பிரிஜெட் வீட்டுக்குப் போகவில்லை. முக்காட்டைக்கூட எடுக்காமல் நேரே டிஸ்பென்சரிக்கு வந்தாள், வரிசையில் நின்றாள், தன் முறை வந்ததும் டாக்டர் முன்னால் போய் நின்றாள். ஜன்னலுக்குப் பின்னால் மதலைமுத்து அளந்த மருந்தையே மறுபடி அளந்தார்.

"என்னம்மா பிரிஜெட், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க சார். நோரா கல்யாண ஓலை ரெண்டு வாசிச்சாச்சு. அடுத்த ஞாயிறு மூணாவது. இவரு ஒரு தபாவாச்சும் கேக்கணும்னு ஆசைப்படறாரு. வாயத் தெறந்து கேக்க மாட்டாரு. நீங்கதான் அனுப்பணும்."

கஸ்தூரிரங்கன் திகைத்துப்போனார். "அட ராமா! இதுக்கென்ன? கேட்டிருந்தா என்னிக்கோ கொடுத்திருப்பேனே! இத்தனை வருஷத்துல ஒரு நாள் கேட்டதில்லையேம்மா இவன்." ஜன்னல் பக்கம் திரும்பினார். "மதலைமுத்து! அடுத்த ஞாயித்துக்கிழமை நீ வர வேண்டாம். நான் சமாளிச்சுக்கறேன். பேஷா போய்ட்டு வா."

பிரிஜெட்டின் முகம் மலர்ந்தது.

மதலைமுத்துவுக்கோ உள்ளே ஏதோ தீப்பற்றிக்கொண்டது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாராம்! நோராவின் புதுநன்மை, இத்தனை வருஷத்துப் பாட்டுப் பூசை, சைக்கிளில் அலைந்த சாயங்காலங்கள், எல்லாமே ஒரு கேள்விக்குள் அடங்குகிற விஷயமாம்! அப்படியென்றால் சங்கம் எதற்கு, தீர்மானம் எதற்கு, அந்தச் சட்டைப்பைக்குள் போன காகிதம் எதற்கு?

"வேண்டாங்க சார்" என்றார்.

வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் காதில் சரியாக விழவில்லை போல, "என்னது?" என்றார்.

"எனக்கு மட்டும் வேண்டாங்க சார். எல்லாக் கம்பவுண்டருக்கும் குடுங்க, அப்போ நானும் எடுத்துக்கறேன்."

"என்னப்பா, சங்கத்துல பேசற மாதிரி பேசறே?"

"நீங்கதானே சார் தலைவர்."

கஸ்தூரிரங்கன் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். கோபப்படவில்லை. சிரித்துவிட்டு, "அதெல்லாம் கமிட்டில பார்த்துக்கலாம். உன் இஷ்டம்" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பிரிஜெட் மருந்து ஜன்னலுக்கு வந்தாள். கண் நிறைந்திருந்தது, குரல் தாழ்ந்திருந்தது.

"அன்னிக்கி அத்தினி பேரு முன்னாடி கேட்டாரே, அப்ப எங்க போச்சு இந்த வாயி? எம் பொண்ணு ஓலைக்குத்தானா அது தெறக்கணும்?"

அவள் சொன்னது அத்தனையும் சரி என்று மதலைமுத்துவுக்குத் தெரியும். தான் சொன்னதும் சரி என்றுதான் அவருக்குப் பட்டது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்றுதான் புரியவில்லை. பின்னால் நின்ற கிழவர் காலி பாட்டிலை நீட்ட, அதை வாங்கிக் கழுவினார்.

அடுத்த ஞாயிறு டிஸ்பென்சரியில் வழக்கத்தைவிடக் கூட்டம். மூன்றாவது ஓலையும் மதலைமுத்து இல்லாமலே வாசித்து முடிந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது பிரிஜெட் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நோராதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்க பேரை நல்லா சத்தமா வாசிச்சாங்க" என்றாள். "தடை யாரும் சொல்லலே."