புளியமரத்துக்குப் போட்ட உப்பு

அந்த நாற்றம் அடுப்படியிலிருந்துதான் வந்தது. வேலை முடிந்து பெரியப்பா வீட்டுக்குள் கால் வைக்கிறேன், மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் பக்கமாகத் தினமும் பஸ்ஸில் போய்வந்து பழகிய மூக்குதான் என்னுடையது, அதுவே தாங்கவில்லை. எட்டிப் பார்த்தால், பெரியம்மா மீன்குழம்பு வைக்கும் மண்சட்டியில் பெரியப்பா சுண்ணாம்பையும் கந்தகத்தையும் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தார். மஞ்சளும் சிவப்புமாகக் கொதித்தது. கூடை முட்டையை உடைத்து வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோனால் வருமே, அந்த வாடை. "மூக்கப் பொத்தாத பாப்பா, செத்த நேரத்துல பழகிரும்" என்றார். இத்தனை வருடம் ஆகியும் எனக்குப் பழகவில்லை. பெரியப்பாவை நினைத்தால் அவர் முகம் வருவதற்கு முன்னால் அந்தச் சட்டிதான் வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு மில் ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. சொந்த ஊர் கொடைரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். பஸ் வசதி சரியில்லை. "நாங்க இருக்கையில ஹாஸ்டல் எதுக்கு?" என்று பெரியப்பா சொல்ல, அவர் வீட்டிலேயே தங்கினேன். அவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் பையன்களின் முதுகைப் பிரம்பால் நிமிர்த்திக்கொண்டிருந்தவருக்கு, ஓய்வுபெற்ற பிறகு நிமிர்த்த ஆள் இல்லை. மரங்களை வளைக்க ஆரம்பித்துவிட்டார். கொடைக்கானல் மலர்க் கண்காட்சியில் ஏதோ ஒரு போன்சாய் மரத்தைப் பார்த்தாராம். பாதி மரம் செத்து எலும்புபோல வெளுத்துக் கிடக்க, மீதிப் பாதி பச்சையாக இருந்ததாம். அன்றைக்குப் பிடித்த பித்து. மொட்டை மாடியில் ஆலும் அரசும் காகிதப்பூவும் தட்டுத் தட்டாக நின்றன. பழைய மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை ஒவ்வொன்றுக்கும் சுற்றி முறுக்குவார். முக்கால்வாசி செத்துப்போகும். நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிவிட்டு அடுத்ததை வாங்கி வருவார்.

பெரியம்மாவின் புளியமரம் அந்த மாடிக் கூட்டத்தில் சேர்ந்ததில்லை. கிரைண்டர் வாங்கிய புதிதில், அடியில் விரிசல் விட்ட பழைய ஆட்டுக்கல்லைக் கொல்லைப்பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். அதன் குழியில் மண் சேர்ந்து, பெரியம்மா புளி கொட்டை எடுக்கும்போது தெறித்த கொட்டை ஒன்று முளைத்திருந்தது. அவர் பிடுங்கவில்லை. கொழுந்து விட்டபோதெல்லாம் கிள்ளித் துவையல் அரைத்தார், பருப்பில் போட்டார். கிள்ளக் கிள்ள மரம் உயராமல் அடி பெருத்தது. கிளைகள் போக வழி தெரியாமல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டன. நான் போய்ச் சேர்ந்தபோது, ஆட்டுக்கல்லுக்குள் இடுப்பு உயரத்தில் ஒரு முழுப் புளியமரம் நின்றது. அதற்குப் போன்சாய் என்று பெயர் உண்டென்று பெரியம்மாவுக்குத் தெரியாது. 'எம் மரம்' என்பார். அந்த வீட்டில் டிவி பெரியப்பாவுடையது, ஈசி சேர் பெரியப்பாவுடையது, என்ன குழம்பு வைப்பது என்பதும் பெரியப்பா முடிவு. 'எம்' என்று சேர்த்துப் பெரியம்மா பேசி நான் கேட்டது அந்த மரத்தைப் பற்றி மட்டும்தான்.

தங்கை மகளின் பிரசவத்துக்காகப் பெரியம்மா வத்தலக்குண்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பா சட்டியை அடுப்பில் ஏற்றினார். கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். மரத்தின் முன்பக்கப் பட்டையை அடியிலிருந்து மேல்வரைக்கும் உரித்திருந்தார். பக்கக் கிளைகளில் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் குறட்டால் நசுக்கிப் பிய்த்திருந்தார்; வெட்டினால் வெட்டியது தெரியுமாம், பிய்த்தால்தான் புயலில் முறிந்தது மாதிரி இருக்குமாம். மிஞ்சிய இரண்டையும் கம்பி சுற்றி இருபக்கமும் இழுத்துக் கட்டி, தோலை வழித்திருந்தார். உச்சியில் ஒரு கொத்து இலை. உரித்த இடமெல்லாம் ஈரமாக, வெளிர் மஞ்சளாக, கசாப்புக் கடையில் பார்க்கிற நிறத்தில் இருந்தது. அதன்மேல் சட்டியிலிருந்ததைப் பிரஷ்ஷால் பூசினார். காய்ந்ததும் வெள்ளையாகிவிடும் என்றார். பின்பக்கம் விரல் அகலத்துக்கு விட்டிருக்கிற பட்டை வழியாக உயிர் ஓடும் என்றார். "சாகாம, செத்த மாதிரி தெரியணும் பாப்பா. அதான் கலை."

"பெரியம்மாட்டக் கேட்டீங்களா?" என்றேன்.

"அவட்ட என்னத்தக் கேக்குறது? எங்கொல்லையில நிக்கிற மரந்தானே" என்றார். சொல்லும்போது கை நிற்கவில்லை, பிரஷ் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பெரியம்மா திரும்பி வந்த அன்று, பையை வைத்துவிட்டு நேரே கொல்லைக்குத்தான் போனார். கொழுந்து விடும் பருவம். போன இடத்திலும் அதே நினைப்பாக இருந்திருப்பார். மரத்தைப் பார்த்ததும் முதலில் அவருக்குக் கோபம் வரவில்லை. "ஏங்க, இதுக்கு என்ன சீக்கு?" என்று பதறிக் கேட்டார். மனிதன் வேண்டுமென்றே இப்படிச் செய்திருப்பான் என்று அவருக்குத் தோன்றவில்லை. பெரியப்பா கலையைப் பற்றி நீளமாக விளக்கினார். பெரியம்மா உரித்த இடத்தைத் தொடப்போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். "உரிச்சுப்புட்டீகளே" என்றார். "வெஞ்சனத்துக்குக் கொழுந்துதானே வேணும், சந்தையில வாங்கித் தாரேன்" என்றார் இவர். எனக்கு அருவருப்பு தொடங்கியது சட்டியைப் பார்த்தபோது அல்ல, இந்தப் பேச்சைக் கேட்டபோதுதான். அதற்குப் பிறகும் பெரியம்மா விடவில்லை. அரிசி கழுவிய தண்ணீர், பழைய சாணிக் கரைசல் என்று ஊற்றிக் காப்பாற்றினார். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் தாண்டிய வாரம், உச்சியில் புதுக் கொழுந்து நாலு எட்டிப் பார்த்தது. கிள்ளாமல் விட்டார்.

தவக்காலத்தில் எங்கள் தெருவின் வேதக்காரக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பார்கள். அந்த முறை பெரியப்பா வீடு. செபம் முடிந்து, கூட்டத்தை நடத்தும் டீச்சரம்மா கை கழுவக் கொல்லைக்குப் போனார். போனவர் அலறினார். ஓடினோம். வெள்ளையடித்த சுவருக்கு முன்னால், இரண்டு கை விரித்து, உடம்பெல்லாம் உரிந்து, தலை ஒருபக்கம் சாய்ந்து அந்த மரம் நின்றது. "பாடுபட்ட சுரூபம்!" என்று மண்டியிட்டுவிட்டார் டீச்சரம்மா. மற்றவர்களும் சிலுவையில் தொங்கும் ஆண்டவரைப் பார்த்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், பார்த்தால் அப்படித்தான் இருந்தது. பெரியப்பா ஒரு நிமிடம் திருதிருவென்று முழித்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "செபத்துல இருக்கையில எனக்குக் காட்டுனாரு. காட்டுனபடி செஞ்சேன்" என்றார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். கொடைக்கானல் கண்காட்சிக் கதையை என்னிடம் எத்தனையோ முறை சொன்ன அதே வாய்.

மறுநாளே ஆட்களைப் பிடித்து ஆட்டுக்கல்லோடு மரத்தைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார். கூட்டம் வர ஆரம்பித்தது. சாயங்காலமானால் புளிய இலை மடங்கும். கிராமத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அதைப் பார்த்து, "கைகூப்பிச் செபம் பண்ணுது பாருங்க" என்றார்கள் டவுன்காரர்கள். பெரியப்பா புளியந்தோப்பில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். இலை மடங்கும் நேரமாகப் பார்த்துக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்.

அப்புறம் உப்பு வந்தது. உடம்பில் பரு, மரு என்றால் கோயிலில் உப்பும் மிளகும் நேர்ந்து போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம், மதம் எதுவானாலும். தோல் உரிந்து நிற்கிற சாமி என்று பேர் பரவியதில், தோல் வியாதிக்காரர்கள் எல்லாம் பொட்டலத்தோடு வந்தார்கள். நேராக ஆட்டுக்கல் குழியிலேயே கொட்டினார்கள். பூக்கார அம்மாக்கள் மல்லிகை சாற்றினார்கள். மெழுகுவர்த்தி உருகி வேரில் வழிந்தது. பெரியம்மா விடிந்ததும் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு போய் உப்பை வழித்து வெளியே எடுப்பார், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். பத்து மணிக்குள் மறுபடி குழி வெள்ளையாகிவிடும். ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து மரத்துக்கு முன்னால் வைத்து, "இதுல போடுங்கம்மா, மரத்துல போடாதீக" என்று கெஞ்சினார். பெரியப்பா தாம்பாளத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். சாமி காலடியில் போட்டால்தான் சனங்களுக்குத் திருப்தியாம்.

"உப்பு வேரை எரிச்சிரும்ங்க. பெரிய வெள்ளி வரைக்காச்சும் கொல்லையில வச்சுக் காப்பாத்துறேன்" என்று பெரியம்மா கேட்டதை நான் கேட்டேன். அதற்கு முன் அவர் தனக்கென்று கணவரிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததே இல்லை. "பெரிய வெள்ளிக்குத்தான்டி கூட்டமே வரும். காணிக்கையில கைய வைக்காத" என்றார் அவர். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பார்கள். அந்த வீட்டில் தின்றவர் ஒருவர், தண்ணீர் சுமந்தவர் ஒருவர். பங்குச் சாமியார் ஒருநாள் வந்தார். சுற்றிப் பார்த்தார். "மரத்த மரமா வச்சிருங்க மாஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக்கூட முழுக்கக் குடிக்காமல் போனார். "சாமியாரே வந்து மந்திரிச்சிட்டுப் போயிட்டாரு" என்று தெருவெல்லாம் சொன்னார் பெரியப்பா.

ஈஸ்டருக்கு முந்திய குருத்து ஞாயிற்றுக்கு முன்பே இலை பழுத்துக் கொட்டத் தொடங்கிவிட்டது. பெரிய வெள்ளியன்று ஓர் இலை இல்லை. பெரியப்பா அதற்கும் அசரவில்லை. "ஆண்டவர் மரிச்சிட்டாரு. ஈஸ்டருக்குத் துளிர்ப்பாரு பாருங்க" என்று கூட்டத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஈஸ்டர் பூசை முடிந்து, புதுத்துணியோடு, கோயிலிலிருந்து நேரே வந்து தெருவை அடைத்து நின்றார்கள். மரம் வெறும் கட்டையாக நின்றது. வெயில் ஏறியது. முணுமுணுப்பு கிளம்பியது. பெரியப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த வீட்டுலயே விசுவாசம் இல்லாத ஆளு ஒண்ணு இருக்கு. நேந்து போட்ட உப்பை வழிச்சு எறியிற கை விளங்குமா?" என்றார்.

எல்லோரும் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த மனிதரின் முகத்தில் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமில்லை. பெரியம்மா அழவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மரத்தின் பின்பக்கம் குனிந்து, பட்டையை நகத்தால் கீறினார். பச்சை இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே கீறினார். அங்கேயும் இல்லை. "செத்துப்போச்சு. இனிமே உப்பப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். கையில் பொட்டலத்தோடு நின்ற டீச்சரம்மா அதைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினார்.

அத்தோடு ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். பெரியப்பா செத்த மரத்தை அடியோடு அறுத்து, வார்னிஷ் அடித்து, பலகையில் ஆணியடித்து, ஹாலில் செபம் சொல்லும் இடத்தில் நிறுத்திவிட்டார். தினமும் சாயங்காலம் செபமாலை அதற்கு முன்னால். எல்லோரும் மரத்தைப் பார்த்து மண்டியிடுவோம். பெரியம்மா மட்டும் வாசலைப் பார்த்து மண்டியிடுவார். பெரியப்பா எவ்வளவோ அதட்டினார். அவர் பாட்டுக்குச் செபம் சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்த மாதம் நான் ஹாஸ்டலுக்கு மாறிவிட்டேன். சோறு இறங்கவில்லை என்பதுதான் காரணம்; அந்த மண்சட்டியைப் பெரியம்மா வத்தலக்குண்டிலிருந்து வந்த அன்றைக்கே உடைத்துவிட்டிருந்தும்.

சில வருடம் கழித்துப் பெரியம்மா காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டார். ஹாலில் கிடத்தியிருந்தார்கள். பெரியப்பா தள்ளாடிக்கொண்டே அந்த மரத்தைத் தூக்கிவந்தார். "தலைமாட்டுல வையுங்க. அவளுக்குப் பிரியமான மரம்" என்றார். பிரியமான என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்தப் பழைய நாற்றம் மறுபடி மூக்கில் ஏறியது. நான் எழுந்து போய் அவர் கையிலிருந்து மரத்தைப் பிடுங்கினேன். "பாப்பா, எழவு வீட்டுல சண்ட போடாத" என்று அண்ணன், பெரியப்பாவின் மகன், தடுத்தார். அப்போது டீச்சரம்மா எழுந்தார். உபதேசியார் கோயிலிலிருந்து கொண்டுவந்திருந்த சாதாரணப் பித்தளைச் சிலுவையை வாங்கித் தலைமாட்டில் வைத்தார். "நீ அதக் கொல்லைக்குக் கொண்டுபோயிரும்மா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

எடுத்துப்போய்க் கொல்லையில் போட்டேன். அடக்கம் முடிந்ததும் யாரோ எடுத்துத் துடைத்து உள்ளே வைத்திருக்கிறார்கள். பெரியப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு அது அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள், சின்ன விளக்கெல்லாம் போட்டு இருக்கிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். அண்மையில் நான் போயிருந்தபோது அண்ணனின் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் அதன்முன் வெகுநேரம் நின்றார். "அம்புட்டுத் தத்ரூபமா இருக்கே, யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

"எங்கப்பா வளத்த மரங்க" என்றார் அண்ணன், பெருமையாக.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "வளத்தது ஒங்கம்மாண்ணே" என்றேன். "ஒங்கப்பா உரிச்சாரு."