இரும்புக்கு எண்ணெய்

பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் ஃபெர்ரி ஏறும்போதுதான் முதலில் நெஞ்சு படபடத்தது. கூட்டம் நெருக்கியதால் என்று நினைத்தேன். உட்கார்ந்த பிறகும் அடங்கவில்லை.

எனக்குத் தலசீமியா (சிவப்பணுக்கள் சரியாக உருவாகாத பிறவிக் குறை). சிறு வயதிலிருந்து போர்ட் பிளேர் போய் ரத்தம் ஏற்றிக்கொள்கிறேன். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு வெளியேற வழியில்லாமல் உடலிலேயே தங்கிவிடும். அது இதயத்திலும் சேர்ந்துவிட்டதென்று கடல் தாண்டி மெயின்லேண்டில் எடுத்த ஸ்கேன் காட்டியது. எனக்கு அழுகை வரவில்லை. ஊர் திரும்ப டிக்கெட் கிடைக்குமா என்றுதான் யோசித்தேன்.

சொந்தக்காரர்களோ பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். ரத்தம் ஊறுமாம். இருக்கிற இரும்பு போதாதா?

இரும்பை வெளியேற்றும் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். பிறகு வயிற்றைப் புரட்டும். விட்டுவிடலாமா என்று தினமும் தோன்றும்.

அப்போதுதான் என் கணவர் அந்தோணி, சில கொழுப்புகள் இரும்பின் பாதிப்பிலிருந்து செல்களைக் காக்கலாம் என்று போனில் படித்தார். அவர் படகு இன்ஜின் மெக்கானிக். இரும்பு என்றால் எண்ணெய் போடுவதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். அன்றிலிருந்து குழம்பில் கடலை எண்ணெய் மிதந்தது.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. "எண்ணெய் சேத்துக்கிட்டா மாத்திரைய நிறுத்திரலாமா மேடம்?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"கூடவே கூடாது. இரும்பு அதிகமானா செல்லோட மேலுறையில இருக்கிற கொழுப்பு கெட்டுப்போகும். சாளைக் கருவாடு சீக்கிரம் காறிப்போகுதுல்ல, அந்த மாதிரி. சில கொழுப்பு சட்டுன்னு காறாது, அதனால செல் தாங்கலாம்னு ஆய்வுக்கூடத்துல பாத்திருக்காங்க. உங்க உடம்புல அப்படி நடக்கும்னு யாராலயும் இப்ப சொல்ல முடியாது. எண்ணெய் இரும்ப வெளிய தள்ளாதும்மா. மாத்திரைய விட்டா ஹார்ட் தாங்காது."

திரும்பும்போது ஃபெர்ரியில் அந்தோணி கேட்டார்.

"அப்ப எண்ணெய பந்த் பண்ணிரட்டா? நான் வேற என்னதான் பண்றது, பிலோ?"

மரத்துப்போயிருந்த எனக்குள் அந்தக் கேள்வி மட்டும் வலித்தது. "கொஞ்சமா ஊத்துங்க," என்றேன்.

இதே நோயோடு இதைப் படிப்பவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வராது. என் நாட்கள் ஒரு ரத்தப் பையிலிருந்து அடுத்த பைக்குப் போகின்றன. கிழமைகூடச் சில சமயம் தெரிவதில்லை. படபடப்பு குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. இந்த உடம்பு என் ஒருத்தியுடையது என்றும் இப்போதெல்லாம் தோன்றுவதில்லை.

மாத்திரையைக் கரைப்பது இப்போது அவர் வேலை. பெட்ரோலில் ஆயில் கலக்கும் அதே கவனத்தோடு, அடியில் கட்டி தங்காமல் கலக்குகிறார். நான் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்கிறார். குடித்துவிடுகிறேன்.