நாலெழுத்துக்கு ஆறு வாய்ப்பு

ஊரார் பல் துலக்குவதற்கு முன்னாலேயே அவர்களிடம் திட்டு வாங்குகிற தொழில் என்னுடையது. செல்போனில் தினமும் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு இருக்கிறதே, அதற்குச் சொல் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறேன். நாலெழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு. எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை, எழுத்து சரி இடம் தப்பு என்றால் மஞ்சள், இரண்டும் இல்லையென்றால் சாம்பல். ஆறாவது வாய்ப்பில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்போது நீங்கள் மனசுக்குள் யாரைத் திட்டினீர்களோ, அந்த ஆள் நான்தான்.

இதெல்லாம் ஒரு வார்த்தையா?

புகார் சொல்ல ஒரு எண் கொடுக்க வேண்டும் என்றார் எங்கள் முதலாளி. தனியாக ஒரு போன் வாங்க மனசு வராமல் என் எண்ணையே போட்டுவிட்டார். அன்றிலிருந்து என் வீட்டில் அலாரம் தேவைப்படுவதில்லை.

ஒருநாள் விடை ‘பனியன்’. ஒத்தக்கடையில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் ஒருவர் ஆறு மணிக்குக் கூப்பிட்டார். அன்றுதான் முதல்முறையாகத் தோற்றிருக்கிறார். நல்ல தமிழ்ச் சொல்லுக்கா பஞ்சம், இதையெல்லாமா வைப்பார்கள், யார் இதைச் சொல் என்று சொன்னது என்று மூச்சு விடாமல் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், இப்ப நீங்க என்ன போட்டிருக்கீங்க?" என்றேன். ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டார் போலிருக்கிறது. பிறகு சொன்னார்: "போட்டிருக்கேன். அதுக்காக அது வார்த்தை ஆயிருமா?"

முதல் சொல் சாஸ்திரம்

இந்த ஆட்டத்தில் பாதி வெற்றி முதலில் போடுகிற சொல்லில் இருக்கிறது. தமிழில் ‘ம்’ என்று முடிகிற சொற்கள் ஏராளம். அதிலும் ‘ட்டம்’ என்று முடிகிறவை ஒரு பெரிய குழி. பட்டம், சட்டம், வட்டம், கட்டம், கூட்டம் என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசி மூன்று எழுத்தும் பச்சையாகச் சிரிக்கும், முதல் எழுத்து மட்டும் சிக்காது. அந்தக் குழியில் விழுந்தால் ஒவ்வொரு எழுத்தாக மாற்றிப் பார்த்தே வாய்ப்பெல்லாம் போய்விடும்.

மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் எங்கள் நிரந்தர வாடிக்கையாளர். வீட்டில் அவரும் மனைவியும் சௌராஷ்டிர மொழியில் சண்டை போட்டு முடிவெடுத்து, தமிழில் விடை தட்டுவார்கள். தினமும் அவருடைய முதல் சொல் ‘இலாபம்’. நாலு எழுத்தில் ‘ம்’ தவிர எதுவும் உருப்படியாகத் தேறாது. சேலை எடுக்கப் போன இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நாளையிலேர்ந்து ‘நட்டம்’னு ஆரம்பிச்சுப் பாருங்க, சீக்கிரம் பிடிச்சிரலாம்" என்றேன். எடுத்து வைத்த சேலையை மறுபடி மடித்தபடியே சொன்னார்: "கடை தெறக்குற நேரத்துல நட்டம்னு தட்டச் சொல்றீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?"

வீட்டுக்குள் ஓர் ஒற்றர்

என் கணவரும் இந்த ஆட்டம் ஆடுகிறார். அவருடைய அலுவலகத்தில் ஒரு குழு இருக்கிறது. மனைவிதான் சொல் வைக்கிறாள் என்று தெரிந்தால் ஜெயித்தாலும் மதிக்க மாட்டார்கள் என்று அங்கே அதை மறைத்து வைத்திருக்கிறார். என்னிடம் விடை கேட்பதும் இல்லை. நியாயஸ்தர் என்றுதான் நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டால், முந்தின நாள் நான் அவியல் வைத்தேனாம், அதை நம்பி ‘அவியல்’ போட்டாராம், ஒரு கட்டம்கூட நிறம் மாறவில்லையாம். மாதக்கணக்கில் என் சமையலை வைத்துத் துப்பு துலக்கியிருக்கிறார் மனுஷன். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது: "சரி, அதை விடு. இன்னைக்கு என்ன கொழம்பு?"

மேலூரிலிருந்து ஒரு வேண்டுகோள்

மேலூரில் தையல் கடை வைத்திருக்கும் செல்வராணி ஒரு சாயங்காலம் கூப்பிட்டார். புகார் இல்லை, ஒரு உதவி என்றார். அவருடைய அண்ணன் திருப்பரங்குன்றத்தில் கடை வைத்திருக்கிறார். மேலூரில் அப்பா விட்டுப்போன கிணற்றுத் தோட்டத்தை விற்கலாம் என்று அண்ணனும், விற்கவே கூடாது என்று தங்கையும் மல்லுக்கு நின்று, பேச்சு நின்றுபோய் வருஷக்கணக்காகிறது. ஆனால் சொந்தக்காரர்களின் வாட்சப் குழுவில் காலையில் அண்ணனின் வண்ணக் கட்டங்கள் வரும். விடை தெரியாது, யார் எத்தனையாவது வாய்ப்பில் ஜெயித்தார்கள் என்பது மட்டும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு இவர் தன்னுடையதைப் போடுவார். இருவருக்கும் இடையில் மிச்சமிருப்பது அவ்வளவுதான்.

"அவருக்குத் தோத்தா பிடிக்காதுக்கா. ஒருவாட்டி கேரம்ல தோத்தாரு, அதுக்கப்புறம் போர்டைத் தொடவே இல்ல. இப்ப தெனமும் ஆறாவதுல தட்டுத்தடுமாறி ஜெயிக்கிறாரு. தோத்துட்டா இதையும் விட்டுருவாரு. அப்புறம் அவரு எந்திரிச்சாரா, நல்லா இருக்காரான்னு எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நாளைக்கு லேசான வார்த்தையா வைங்களேன்" என்றார்.

வாரத்துக்கான சொற்களை வெள்ளிக்கிழமையே பூட்டிவிடுவோம். அதற்குப் பிறகு முதலாளி திறந்தால்தான் மாற்ற முடியும். மறுநாளைக்கு நாங்கள் பூட்டி வைத்திருந்த சொல், உங்களிடம் மறைப்பானேன், ‘தோட்டம்’. அதே ‘ட்டம்’ குழி. அந்த வீட்டில் எந்தச் சொல் வரக் கூடாதோ அதே சொல். ஒருத்தருக்காக மாற்றினால் அது ஆட்டமே இல்லை என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க நியாயமாவே வைங்கக்கா. அவரு தோக்காம இருந்தாப் போதும்."

கடைசி வாய்ப்பு

முதலாளியின் எண்ணை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் கூப்பிடவில்லை. காலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டே காபி குடித்தேன்.

செல்வராணி கூப்பிட்டபோது குரலே மாறியிருந்தது. ‘ட்டம்’ பச்சையானதுமே அவர் விரல் நேராகத் ‘தோ’வுக்குப் போய்விட்டதாம். குழுவில் போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார். அண்ணனுடையது வரவில்லை. வழக்கமான நேரம் தாண்டியும் வரவில்லை. பிறகு போன் அடித்திருக்கிறது. எடுத்தால் அண்ணன்! வட்டம், சட்டம், கட்டம், கூட்டம், ஆட்டம் என்று ஐந்தையும் காலி செய்துவிட்டு, "ஒண்ணுதான் பாக்கி இருக்கு. நீ என்னத்தைப் போட்ட?" என்றாராம், நேற்றுத்தான் பேசிப் பிரிந்தவர் மாதிரி.

இவர் சொல்லவில்லை. "சொல்லிட்டா அது ஆட்டமில்லண்ணே. நாம எதுக்காகப் பேசாம இருக்கோமோ, அதைப் போடுங்க" என்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் குழுவில் கட்டங்கள் வந்தன, ஆறாவது வரி முழுக்கப் பச்சை. இதைச் சொல்லும்போது அவர் அழுதார், எனக்கும் கண் கலங்கிவிட்டது. போனை வைக்காமலேயே அண்ணன் கேட்டாராம்: "கெணத்துல தண்ணி எம்புட்டுக் கெடக்கு, தாயி?"

துப்புக் கொடுப்பது எங்கள் விதிப்படி தப்புதான் என்றாலும், அந்த நேரம் பார்த்து என் காது அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.