எர்த் குழிக்கு ஊற்றிய கடல் தண்ணீர்

எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். எலக்ட்ரீசியனுக்கு அது நல்லதுதான் என்று நானே சொல்லிக்கொள்வேன். என் மனைவி "பயந்தாங்கொள்ளி" என்பாள்.

மீமிசலுக்குத் தெற்கே, அக்கா வாழ்க்கைப்பட்ட மீனவ ஊரில், கடலுக்குப் போன படகுகளோடு பேச ஒரு வயர்லெஸ் அறை உண்டு. மைக்கில் பேசுவது அக்கா. அறையை ஒட்டிய ஆன்டெனா டவரைப் போன வருஷம் நான்தான் நிறுத்தினேன். இடி விழுந்தால் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும் என்று டவரின் காலிலிருந்து காப்பர் பட்டை இழுத்து, கரியும் உப்பும் கொட்டிய குழியில் எர்த் கம்பியோடு முடுக்கினேன். அன்றைக்குத் துருப்பிடிக்காத போல்ட் கையில் இல்லை. சாதா இரும்பு போல்ட்டைப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. பிறகு நல்ல போல்ட் வாங்கியும் ஆறு மாதம் பையிலேயே சுமந்து திரிந்தேன்.

ஐப்பசியில் ஒரு மதியம் அங்கே போனபோது கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குழியின் மூடியைத் தூக்கினேன். போல்ட்டின் தலை விரலோடு துருப்பொடியாக உதிர்ந்தது. பட்டை தனியாகத் தொங்கியது.

"அக்கா, குழிக்கு என்ன தண்ணி ஊத்துனே?"

"கடத் தண்ணிதான். குழி காயக்கூடாதுன்னு நீதானே சொன்னே? குடிக்கிற தண்ணியே லாரியில வருது. நீயும் உப்பத்தானே கொட்டுனே?"

எந்தத் தண்ணீர் என்று நான் சொல்லவே இல்லை. தூரத்தில் முதல் இடி உருண்டது. எர்த் இல்லாத டவரில் விழுந்தால் அது ஆன்டெனா வயர் வழியாக அக்காவின் கைக்குத்தான் வரும்.

"வயரைக் கழட்டிட்டு வெளிய வாக்கா."

"கடலுக்குப் போன ஒன் மச்சான் போட்டுலேர்ந்து இன்னும் பதில் வரல. நீ அங்கிட்டுப் போயி ஒன் வேலையப் பாருடா."

எர்த் அறுந்து கிடக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். மண்டியிட்டுப் பட்டையைப் பளபளக்கும்வரை அரத்தால் தேய்த்தேன். நட் நழுவி மணலில் விழுந்தது, தேடி எடுத்தேன். காப்பர் கிளாம்ப் வைத்துப் புதுப் போல்ட்டை முடுக்கி, உப்புக்காற்று நுழையாமல் கிரீஸ் அப்பி டேப்பைச் சுற்றினேன். இடி நெருங்கிக்கொண்டே இருந்தது. அக்கா செத்துப்போவாள், என்னால் செத்துப்போவாள் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

கடைசிச் சுற்று முடியும்போது உள்ளே மச்சானின் குரல் கரகரத்தது. கரை தெரிகிறதாம். அக்கா வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு மழையில் வெளியே வந்தாள். சேறு அப்பிய என் கைகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"எதுக்குடா இம்புட்டுப் பதறுறே? இந்த வருஷம் எத்தன இடி இடிச்சிருக்கும்! என் தம்பி போட்ட எர்த்துங்கிற தைரியத்துலதானே நான் உள்ள உக்காந்திருந்தேன்."