கண்மாய்க்குள் போன டேங்க் மூடி

மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசிக் கடைசியில், திருச்சுழி பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. அன்று அருப்புக்கோட்டையில் எனக்கு அரசு வேலைக்கான தேர்வு. வயசு வரம்பைப் பார்த்தால் அதுதான் கடைசி வாய்ப்பு. விடிந்து பார்த்தால் கண்மாய் நிறைந்து, மறுகாலில் வழிந்த உபரித் தண்ணீர் ஊரின் ஒரே ரோட்டை அறுத்துக்கொண்டு போயிருந்தது. பஸ் பிடிக்கக் கண்மாயைத் தாண்டி அக்கரைக்குப் போயாக வேண்டும். ஒன்பது மணிக்குத் தேர்வுக்கூடத்துக் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் அந்த வருஷம்தான் கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தார். கடற்கரைப் பக்கம் போய் ஒரு பழைய படகும், அதைவிடப் பழைய மோட்டாரும் வாங்கி வந்திருந்தார்; இன்னும் ஓட்டிப் பார்த்திருக்கவில்லை. "நான் இருக்கும்போது நீ எதுக்குக் கலங்குற? செத்த நேரத்துல அக்கரையில எறக்கி விட்டுர்றேன்" என்றார். நம்பி ஏறினேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்!

நன்றாகத்தான் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் மோட்டார் விக்கல் எடுக்க ஆரம்பித்து, படகையே உலுக்கிவிட்டு நின்றது. அவர் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, "பெட்ரோலு இருக்கே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இறுக்கினார். மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். ஓடியது. திரும்பவும் விக்கல், திரும்பவும் நின்றது. பிளக்கைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், ஊதினார், குலசாமியைக் கும்பிட்டார். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பார்ப்பார், இறுக்குவார், கொஞ்சம் ஓடும், நின்றுவிடும். படகு சீமைக்கருவேல முள்ளுக்குள் ஒதுங்கத் தொடங்கியது. துடுப்பு எங்கே என்றேன். மோட்டார் இருக்கும்போது துடுப்பு எதுக்கு என்று வாங்கவே இல்லையாம்!

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ராப்பகலாகப் படித்ததெல்லாம் இந்த முள்ளுக்குள்ளேயே போகப்போகிறதே! அவர் மூடியை மறுபடி இறுக்கப் போனார். "இன்னும் எத்தன தடவ இறுக்குவீக?" என்று வெடுக்கென்று பிடுங்கினேன். கை வழுக்கி, மூடி கண்மாய்க்குள் போய்விட்டது.

"அடியே, பெட்ரோலு பூரா ஆவியாப் போயிருமேடி!"

"போகட்டும். இழுங்க கயித்த!"

இழுத்தார். விக்கலாவது ஒன்றாவது! அக்கரை வரைக்கும் ஒரே சீராக ஓடியது. நான் டேங்க் வாயில் கைக்குட்டையைப் போட்டுப் பிடித்தபடியே போனேன். இறங்கி ஓடி, பஸ் பிடித்து, கேட்டைச் சாத்துகிற நேரத்தில் சேற்றுக் காலோடு உள்ளே நுழைந்துவிட்டேன்.

சாயங்காலம் மோட்டார் விற்றவரிடம் போனில் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மூடியின் நடுவில் காற்றுக்கென்று ஒரு சின்னத் திருகு உண்டாம். ஓட்டும்போது அதைத் தளர்த்திவிட வேண்டுமாம். காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. எங்கள் பக்கத்து வெயிலுக்கு எதையும் திறந்து வைத்தால் வற்றிப்போகும் என்று, இவர் வாங்கி வந்த அன்றே அதைக் குறடு போட்டு இறுக்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பார்த்ததில் காற்று புகுந்துதான் அந்தக் கொஞ்ச தூரமும் ஓடியிருக்கிறது.

பொறுமையாக இரு என்று எனக்குச் சொல்லாத ஆளே எங்கள் சொந்தத்தில் கிடையாது. நானும் முயற்சி பண்ணத்தான் செய்கிறேன். ஆனால் தினமும் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அந்தக் கண்மாயைக் கடக்கும்போது, அன்றைக்கு மட்டும் நான் பொறுமைசாலியாக இருந்திருந்தால் என் கதி என்னவாகியிருக்கும் என்றுதான் மனசு கேட்கிறது.